ஐசக் ஐயா இறந்த பின் எழுதிய பாடல்கள்

இறந்துபோன பிறகு ஐசக் ஐயா மூன்று பாட்டு எழுதினார். உயிரோடு இருந்தவரை வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. போன பிறகு கை வேகம் கூடிவிட்டது. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டித் தமிழ்ச் சபையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. நல்ல மனிதர்களுக்குக் கர்த்தர் இப்படியெல்லாம் செய்வார் என்று தட்டோடு பிரியாணி வரிசையில் நின்று பேசிக்கொண்டார்கள். அவர்களோடு வரிசையில் நின்ற அவருடைய மனைவி கிருபாராணி மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. மூன்றையும் எழுதியது அவள்.

சபை என்றதும் கோபுரமும் மணியுமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் பழைய கோயில் ஒன்று. அதன் பேஸ்மென்ட் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நம்மவர்களுக்கு. திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை என்று நாற்பது ஐம்பது பேர், யாழ்ப்பாணத்தார் இரண்டு குடும்பம். ஆராதனை ஒரு மணி நேரம், சாப்பாடு இரண்டு மணி நேரம். போதகர் கிருபைராஜ் வாரநாட்களில் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். பிரசங்கத்திலும் பாரம் எவ்வளவு, தூண் எத்தனை என்றுதான் பேசுவார்.

ஐசக் ஐயா கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். நல்ல தலைமுடி. குரல் சுமார்தான், ஆனால் தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே அதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றினார். சபையில் பாடப்படும் கீர்த்தனைகளில் பாதிக்கு மேல் அவருடையவை. கல்யாண வீடு, ஞானஸ்நானம், புது வருஷம், எதற்கும் அவர் பாட்டு ஒன்று உண்டு.

அந்தப் பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். கிருபாராணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தக் குழாய்களை வைத்துச் சுற்றுகிற இயந்திரம் அங்கே நாள் முழுக்க ஒரே சீராக ரீங்காரம் போடும். மற்றவர்களுக்கு அது தலைவலி, இவளுக்கு அது சுருதிப்பெட்டி. அதன்மேல் ஒரு மெட்டு வந்து உட்காரும். வீட்டுக்கு வரும்போது பல்லவி முடிந்திருக்கும், வெங்காயம் வதங்குவதற்குள் சரணமும் முடிந்திருக்கும். சனிக்கிழமை தூக்கம் முடிந்து ஐசக் ஐயா பென்சிலோடு வந்து உட்காருவார். இவள் தன்னன்னா என்று பாடுவாள், அவர் வார்த்தையைக் கோப்பார்.

"இங்க எத்தனை எழுத்து வேணும் ராணி?"

"ஏழு."

"'கருணாகரனே' ஆறுதான வருது?"

"முன்னால ஒரு 'ஓ' போடுங்க."

போடுவார். போட்டுவிட்டு, "பிரமாதமா வந்திருக்குல்ல நம்ம பாட்டு?" என்பார். வீட்டுக்குள் அது 'நம்ம பாட்டு'. வாசற்கதவைத் தாண்டினால் 'என் பாட்டு'.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரிலிருந்து வந்த தடித்த கீர்த்தனைப் புத்தகத்தையே எடுத்துப் பாருங்கள். மேலே ராகம், தாளம். கீழே வார்த்தை எழுதியவர் பெயர். மெட்டுப் போட்டவருக்கு எங்கேயும் இடம் கிடையாது. மெட்டு ஏதோ குழாயில் தண்ணீர் மாதிரி, திறந்தால் வரும், யார் இறைத்தது என்று கேட்பாரில்லை. ஜெர்சி சிட்டியில் ஜெராக்ஸ் போட்டுத் தைத்த புத்தகமும் அப்படியே. அதில் ஐ. ஐசக், ஐ. ஐசக் என்று பக்கத்துக்குப் பக்கம்.

"எப்படி ஐயா இப்படி ஒரு மெட்டு?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் மேலயிருந்து வருது" என்பார் கண்ணை மூடி. அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தது ஒரு போலந்துக் கிழவி.

கிருபாராணிக்கு அப்போது கோபம் வரவில்லையா என்றால், வந்தது. அந்த வாரம் தயிர்ப்பச்சடியில் உப்பு கூடியது. அத்தோடு சரி.

எண்பத்தைந்து பிப்ரவரியில் வாசலில் பனி அள்ளப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு. அடக்க ஆராதனையில் அவருடைய பாட்டையே பாடினார்கள். கிருபாராணி வாயைத் திறக்கவில்லை, துக்கம் என்று எல்லோரும் அவள் முதுகைத் தடவினார்கள். துக்கம்தான். இருந்தாலும் இரண்டாவது சரணத்தில் கூட்டம் இழுத்த இழுப்பில் தாளம் நழுவியதையும் அவள் காது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்படி ஒரு காது. புருஷன் பெட்டிக்குள் படுத்திருக்கும்போதும் சும்மா இருக்காது.

வேலைக்குத் திரும்பிய வாரமே இயந்திரம் சுற்றியது, மெட்டு வந்தது. இவள் வேண்டாம் என்றாள், அது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து முனகினால் எதிரே நாற்காலி காலி. வார்த்தை இல்லாத மெட்டு வீட்டுக்குள் அலைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மன்ஹாட்டன் போகிற பாத் ரயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, முதல் வரி தானாக வந்து விழுந்தது. இறங்குவதற்குள் நாலு வரி. ஐசக் ஐயாவின் வார்த்தைகள் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும். இவளுடையவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தன.

ஈஸ்டர் அன்று காணிக்கை எடுக்கும் நேரத்தில் அதைத் தனியாகப் பாடினாள். பாடிவிட்டு, "இது நான் எழுதினது" என்று சொல்லத்தான் எழுந்திருந்தாள். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஜெயலீலா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஜெயலீலா போதகரின் மனைவி. சபையின் செய்தித்துறையும் அவள்தான்.

"கிருபாக்கா! இது... ஐயா எழுதி வச்சிட்டுப் போனதாக்கா?"

வரிசை வரிசையாகக் கைக்குட்டைகள் வெளியே வந்தன. நாகர்கோவில்காரர் ஒருவர் வாய்விட்டே அழுதார். கிருபாராணி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்கு நம்மவர்களிடம் ஒரே அர்த்தம்தான், அமெரிக்கா வந்தும் அது மாறவில்லை.

பயந்துதான் குனிந்தாள் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அந்த ஒரு நிமிஷம், கூடத்தில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் ஐசக் உயிரோடு இருந்தார். அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பாட்டு அக்டோபரில், அறுப்பின் பண்டிகைக்கு. கொல்லைப் பூசணிக்காயை ஏலம் விட்ட சத்தம் அடங்கியதும் பாடினாள். இந்தத் தடவை யாரும் கேட்கக்கூட இல்லை. "ஐயாவோட ரெண்டாவது," என்று போதகரே முன்கூட்டி அறிவித்துவிட்டார்.

எண்பத்தாறு ஜனவரியில் வெள்ளைக்காரக் கோயிலின் பாய்லர் வெடித்தது. பேஸ்மென்ட் முழுக்க வெந்நீர். பாட்டுப் புத்தகங்கள் மிதந்தன, பிரியாணி அண்டா மிதந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த தீயணைப்பு நிலையத்தார் பெரிய மனதோடு தங்கள் கூடத்தைக் கொடுத்தார்கள். சிவப்பு வண்டிகளுக்கு நடுவே மடக்கு நாற்காலிகளைப் போட்டு, எப்போது மணி அடித்து எல்லாரையும் ஓரமாக ஒதுங்கச் சொல்வார்களோ என்ற பயத்தில் ஜெபம் நடந்தது. ஜெபங்கள் அந்த மாதங்களில் சுருக்கமாக இருந்தன.

அங்கேதான் கேசட் பேச்சு எழுந்தது. ஐசக் ஐயாவின் கீர்த்தனைகளை ஒலிப்பதிவு செய்து, அமெரிக்காவில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் அனுப்புவது. கேசியோ கீபோர்டு வாசிக்கிற தேவசகாயம் என்ற பையன், சின்ன வயசு கம்ப்யூட்டர்காரன், வழிகளை விசாரித்து வைத்திருந்தான். ஜெயலீலா கிருபாராணியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஐயா இன்னும் எத்தனை விட்டுட்டுப் போயிருக்காங்க? கொஞ்சம் கொஞ்சமா குடுக்காதீங்க. மொத்தமா குடுத்துட்டா கேசட்ல போட்டு முடிச்சிடலாம்."

"முடிச்சிடலாமா?"

"ஆமாக்கா. 'கடைசிப் பாடல்'னு போட்டு நிறுத்தினாத்தான ஒரு இது இருக்கும்!"

கிருபாராணிக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவர் எத்தனை நாள் எழுதிக்கொண்டிருப்பார்? கேசட் வந்தால் அவர் கையிருப்பு தீர்ந்தது. அதற்குப் பிறகு இவள் வாயிலிருந்து வருகிற எந்தப் பாட்டுக்கும் ஆள் இல்லை. இயந்திரம் சுற்றும், மெட்டு வரும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இனிமேல் நானே எழுதுகிறேன் என்றால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அதே வளைவு, அதே இறக்கம், பல்லவியின் முடிவில் அதே சின்னத் தயக்கம். காது உள்ள ஒருத்தன் கேட்டால் போதும், 'அப்போ பழையதெல்லாம்?' என்பான். பழையதெல்லாம் என்று வந்துவிட்டால் ஐசக் ஐயா யார்? ஏழு எழுத்துக்கு ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு முழித்தவர்.

மகள் ஹெப்சிபாவுக்குப் போன் செய்தாள். டெக்சாஸில் காப்பெலில் இருக்கிறாள், ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

"ஜஸ்ட் டெல் தெம், மாம்."

"உங்கப்பாவைப் பொய்யரு ஆக்கச் சொல்றியா?"

"ஹி நியூ தி ட்ரூத். ஒய் டிட்ன்ட் ஹி டெல் தெம்?"

கிருபாராணி டெக்சாஸில் வெயில் எப்படி என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பிறகு ஒரு யோசனை வந்தது. குறுக்கு யோசனைதான். நானாகச் சொன்னால்தானே புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன், அவர்களாகக் கண்டுபிடித்தால்? அவர் இறந்த பிறகு நடந்த ஒன்றைப் பாட்டுக்குள் வைத்துவிட்டால், இன்ஜினியர், டாக்டர், கம்ப்யூட்டர் என்று இத்தனை படித்தவர்கள் இருக்கிற சபையில் ஒருவராவது கணக்குப் போட மாட்டாரா?

மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், சிவப்பு வண்டிகளுக்கு முன்னால் நின்று மூன்றாவதைப் பாடினாள்.

குழாய் வெடித்து வெந்நீர் பாய்ந்து
கோயில் தரை குளமானதே – தீ
அணைக்கும் வண்டி நிற்கும் கூடத்தில்
அணைத்துக் கொண்டீர் எங்களையே

பாடி முடித்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கணக்கு ஓடுவது தெரிந்தது. தேவசகாயத்தின் விரல் கேசியோ மேல் அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி," என்றான். "ஐயா தவறினது போன வருஷம் பிப்ரவரி. பாய்லர் வெடிச்சது இந்த ஜனவரி."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"அப்படின்னா..." என்றான் தேவசகாயம்.

"அப்படின்னா!" என்று போதகர் கிருபைராஜ் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் நிறைந்திருந்தன. "அப்படின்னா ஐயா இதை முன்னாலயே பார்த்திருக்காங்க! நம்ம மத்தியில ஒரு தீர்க்கதரிசி இருந்திருக்கார், நாமதான் அறியாம போயிட்டோம்!"

ஸ்தோத்திரம் என்று ஒரு குரல், அல்லேலூயா என்று நாலு குரல், பிறகு கூரை அதிர்ந்தது. மேலே மாடியில் தூங்கிக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கி வந்தார்கள்.

அந்த வாரம் அவளுடைய போன் ஓயவில்லை. சான் ஹோசேயிலிருந்து ஒருவர், ஹூஸ்டனிலிருந்து ஒருவர். "அம்மா, ஐயா பாட்டுல கிரீன் கார்டு பத்தி ஏதாவது இருக்கா?" என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இன்னொருவருக்குக் கனெக்டிகட்டில் வீடு வாங்கலாமா என்று தெரிய வேண்டியிருந்தது. ஐசக் ஐயாவின் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள்.

கிருபாராணிக்குத் தூக்கம் போயிற்று. இதுவரை பெயர் மட்டும்தான் பொய். இப்போது கர்த்தர் பேரில் பொய். அவள் விசுவாசமுள்ள பெண், இந்த இடம்தான் அவளைச் சுட்டது. கிரீன் கார்டு கேட்ட பெண்ணின் குரல் காதிலேயே இருந்தது. பாத் ரயிலில் நின்றால் வரி வரவில்லை. இயந்திரம் சுற்றினால் வெறும் இரைச்சல்தான் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவளுக்கு வெறும் இயந்திரம்.

ஒரு சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனாள். ஜெயலீலா காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்தாள். உள்ளே போகிற ரகம் இல்லை அவள்.

"பாஸ்டர், அந்தப் பாட்டு தீர்க்கதரிசனம் இல்ல."

"அக்கா, உங்க தாழ்மை எனக்குத் தெரியாதா?"

"தாழ்மை இல்ல. பாய்லர் வெடிச்சப்புறம் நான் எழுதினது. மூணு பாட்டும் நான் எழுதினது. அதுக்கு முந்தி எல்லாப் பாட்டுக்கும் மெட்டு நான் போட்டது."

ஜெயலீலாவின் கையில் முறுக்கு பாதி வழியில் நின்றது. போதகர் காப்பியைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மெட்டை விடுங்கக்கா. மெட்டு யாரு போட்டா என்ன? நம்ம புஸ்தகத்துல எங்கயாவது மெட்டு போட்டவங்க பேரு இருக்கா?"

"இல்ல. அதான் கேக்கறேன்."

"வார்த்தைதானக்கா பாட்டு."

கிருபாராணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு ஒரு வரி முனகினாள்.

"இது என்ன பாட்டு பாஸ்டர்?"

"'ஓ கருணாகரனே.' சின்னப் பிள்ளையும் சொல்லும்."

"இப்ப வார்த்தை மட்டும் சொல்றேன். 'வாரும் ஐயா, கிருபை தாரும் ஐயா, பாதம் சேரும் அடியாரைக் காரும் ஐயா.' இது எந்தப் பாட்டு?"

போதகர் விட்டத்தைப் பார்த்தார். ஜெயலீலாவைப் பார்த்தார்.

"இது... எல்லாப் பாட்டுலயும் வருமேக்கா."

"அதுவும் அதே பாட்டுதான். ரெண்டாவது சரணம்."

ஜெயலீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறுக்கைக் கடித்து அடக்கினாள். போதகர் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. தூண் ஒன்றை உருவினால் பாலம் நிற்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஹூஸ்டன்ல ஒருத்தர் அந்தப் பாட்டைப் பத்திக் கேள்விப்பட்டுக் குடியை விட்டுட்டாராம். நாலு பேரு விசுவாசத்துல நிக்கறாங்க. இப்பப் போயி இல்லன்னு சொன்னா... ஐயாவே மேலயிருந்து உங்க மூலமா குடுத்திருக்கலாம்ல?"

"உயிரோட இருந்தப்ப அவரு மூலமா நான் குடுத்தேன் பாஸ்டர். செத்தப்புறம் என் மூலமா அவரு குடுக்கறாராக்கும்?"

போதகர் ஜெபிக்கலாம் என்றார். பதில் இல்லாதபோது அவருக்கு அது ஒரு வசதி. 'துக்கத்தினால் உள்ளம் கலங்கிப்போன எங்கள் சகோதரியை' என்று ஜெபம் தொடங்கியபோது, யாரைச் சொல்கிறார் என்று கிருபாராணிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் திறந்துவிட்டாள்.

லிஃப்ட் வரை வழியனுப்ப ஜெயலீலா வந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாய்லர் வரி, வேணும்னேதான் போட்டீங்களா?"

"வேணும்னேதான்."

"யாராவது கண்டுபிடிக்கட்டும்னா?"

"ம்."

"நம்ம ஆளுங்ககிட்டயா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஜெயலீலா. லிஃப்ட் கதவு மூடும்போது அவள் முகத்தில் இருந்தது இரக்கமா, சுடச்சுட ஒரு செய்தி கிடைத்த சந்தோஷமா என்று கிருபாராணியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். மனிதர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை இரண்டாகிவிட்டது. பெரிய பாதி அவளுக்கு முதுகைக் காட்டியது. புருஷன் போய் ஈரம் காயவில்லை, அதற்குள் பெயரைப் பிடுங்குகிறாள் என்றார்கள். அவர் இருக்கும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அதை அவளிடம் கேட்க யாரும் வரவில்லை. சின்னப் பாதி பரிதாபப்பட்டது. ஒரு டாக்டர் அவளைத் தனியே அழைத்துத் தூக்க மாத்திரை எழுதித் தரட்டுமா என்று கேட்டார். பரிதாபம்தான் அதிகம் வலித்தது. பிரியாணி வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இடைவெளி விழுந்தது.

ஹெப்சிபா போன் செய்தாள். "மாம், பீப்பிள் ஆர் காலிங் மீ. வாட் டிட் யூ டூ?"

"நீ சொன்னதத்தான் செஞ்சேன்."

"ஐ டிட்ன்ட் மீன் லைக் திஸ்."

"வேற எப்படி?"

இந்தத் தடவை ஹெப்சிபாதான் டெக்சாஸ் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

மே மாதம் ஒலிப்பதிவு. நியூவார்க் அவென்யூவில் ஒரு குஜராத்திக்காரரின் வீடியோக் கடைக்குப் பின்னால் முட்டை அட்டைகளை ஒட்டிய ஒரு அறை. கிருபாராணி இல்லாமல் நடத்திவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த மூன்று பாட்டும் வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது. தேவசகாயம்தான் வந்து கூப்பிட்டான். "ஆன்ட்டி, நீங்க வரலன்னா நாங்க என்னத்தப் பாடறது?" என்றான். அவள் வந்தாள்.

பழைய பாட்டுகள் நன்றாகவே போயின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் போதகர் ஒலிவாங்கி அருகே வந்து பாட்டின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர் என்று வாசிப்பார். ஐசக் ஐயா, ஐசக் ஐயா என்று வந்துகொண்டே இருந்தது. அவள் பாடினாள். அவை பாதி அவருடையவைதான், 'நம்ம பாட்டு'தான். அதில் அவளுக்குச் சண்டை இல்லை.

பாய்லர் பாட்டின் முறை வந்தது. மற்ற பெண்கள் பின்னால் நின்றார்கள். போதகர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"அடுத்து, தீர்க்கதரிசனக் கீர்த்தனை. இயற்றியவர், காலஞ்சென்ற ஐசக் ஐயா."

தேவசகாயம் சுருதி பிடித்தான். நாடா சுற்றியது. கிருபாராணி வாயைத் திறக்கவில்லை.

தொண்டை கட்டிவிட்டதோ என்று வெந்நீர் கொண்டுவந்தார்கள். குடித்தாள். போதகர் மறுபடி வாசித்தார். மறுபடி சுருதி. அவள் நின்றுகொண்டிருந்தாள். குஜராத்திக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை விரித்தார். போதகர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, சங்கடப்படுத்தாதீங்க. 'ஐசக் ஐயா குடும்பத்தார்'னு சொல்லிடறேன். அதுல நீங்களும் வந்திருவீங்க இல்ல?"

குடும்பத்தார். அந்தச் சொல்லைக் கிருபாராணி உள்ளே சுற்றிப் பார்த்தாள். அதில் டெக்சாஸில் இருக்கும் பல் டாக்டருக்குக்கூட இடம் இருந்தது.

"சரி பாஸ்டர், போங்க," என்றாள்.

அவர் நிம்மதியாகத் திரும்பி, "இயற்றியவர், ஐசக் ஐயா குடும்பத்தார்" என்றார். நாடா ஓடியது. கிருபாராணி பாட ஆரம்பித்தாள். அது பாய்லர் பாட்டு இல்லை. யாரும் கேட்டறியாத ஒன்று. எதிரே என்ன இருந்ததோ அதைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள்.

பழுப்புக் கோட்டுப் போட்ட போதகர்
பக்கத்தில் நிற்கக் கண்டேனே
பேரைச் சொல்லும் என்று கேட்டேன்
பேப்பரைப் பார்க்கக் கண்டேனே

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சேர்ந்து பாட அவர்களுக்கு வழி இல்லை. போதகர் தன் கோட்டைக் குனிந்து பார்த்தார். அதைப் போன வாரம்தான் வாங்கியிருந்தார். இதை முன்கூட்டிப் பார்த்து எழுதிவைத்துவிட்டு எந்தத் தீர்க்கதரிசி போயிருக்க முடியும்?

"நிறுத்து," என்று தேவசகாயத்துக்குச் சைகை காட்டினார். அவன் சைகையைப் பார்த்தான். ஆனால் பாட்டுக்காரப் பயல், விரல் கேட்கவில்லை. அவள் எங்கே இறங்குகிறாள் என்று தேடிப் பிடித்துக் கூடவே போய்க்கொண்டிருந்தது. குஜராத்திக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

இந்த நாடா கேசட்டில் வராது என்று கிருபாராணிக்குத் தெரியும். அறையை விட்டு வெளியே போனதும் போதகர் அழிக்கச் சொல்வார். அடுத்த ஞாயிறு வரிசையில் அவளைச் சுற்றி இரண்டு ஆள் இடைவெளி விழும். பயமாகத்தான் இருந்தது, குரலில்கூட அது தெரிந்தது. ஆனால் உள்ளே இரண்டு மாதமாக அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டுவிட்டது. அடுத்த வரி எங்கே என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

செத்தவர் பாட்டு இதுவல்ல
சென்றவர் கண்ட கனவல்ல
பாடுகிறவள் கிருபாராணி – இந்தப்
பாட்டுக்கு வேறே ஆளில்லை

சுவர் ஓரமாக முட்டை அட்டைகளில் சாய்ந்து நின்ற ஜெயலீலாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் இல்லை. வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இன்று சாயங்காலம் போனில் சொல்ல வேண்டுமே, சான் ஹோசேக்கு, ஹூஸ்டனுக்கு, காப்பெலில் இருக்கும் ஹெப்சிபாவுக்கு. ஏளனமாகச் சொல்வாளா, மெச்சிச் சொல்வாளா, அது கேட்கிற ஆளைப் பொறுத்தது. ஆனால் யார் பாட்டு என்பதை விடாமல் சொல்வாள். அது இல்லாவிட்டால் செய்தியே இல்லை.

பெயர் வருகிற மூன்றாவது வரியில் அவள் உதடு தடுக்கி நின்றது. கிருபாராணி அதைப் பார்த்தாள். தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி, அவளுக்கு எட்டும்படி, அந்த வரியை இன்னொரு முறை பாடினாள்.